உதவித் தொகை உழுபவர் கைக்குச் சேர்கிறதா?

குடியானவருக்கென்று அரசாங்கம் ஒதுக்கும் பணம் குடியானவர் வீட்டு வாசலை வந்து அடைய வேண்டும். இதில் மாற்றுக் கருத்து உடையோர் எவரும் இரார். ஆயினும் பணம் புறப்படும் இடத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. வரவு செலவுத் திட்டத்தில் விவசாயத்துக்கு இத்தனை கோடி என்று படித்து மகிழ்கிறோம். நம் ஊரில் அத்தொகையைப் பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று எவரேனும் வினவினால் விடை கூற நம்மில் பலரால் இயலாது. கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களாகிய நாம் ஆராய வேண்டுவது இந்த இரண்டாவது கேள்வியையே.

எடுத்துக்காட்டாகப் பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதித் திட்டத்தைக் கொள்வோம். 2019 பிப்ரவரி 24-ஆம் தேதி கோரக்பூரில் தொடங்கப் பெற்ற இத்திட்டத்தின்படி, நிலமுள்ள விவசாயக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 6,000 ரூபாய், தவணைக்கு 2,000 வீதம் மூன்று தவணைகளாக, நேரே வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. முதலில் 2 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 5 ஏக்கர் வரை நிலமுள்ளோருக்கு மட்டுமே இவ்வுதவி என்றிருந்தது. அவ்வாண்டு ஜூன் முதல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோர், கடைநிலை ஊழியர் நீங்கலான அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் பெறுவோர், தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் முதலியோர் இதற்கு உரியவர் அல்லர். நிலம் விவசாயம் அல்லாத காரியத்துக்குப் பயன்பட்டு வந்தாலும் உரிமை இல்லை. இத்திட்டத்தின் 21-ஆவது தவணை 2025 நவம்பர் 19-ஆம் தேதி நம் கோயம்புத்தூரிலேயே வெளியிடப்பட்டது. நாடு முழுவதும் சுமார் 9 கோடி விவசாயிகளுக்கு 18,000 கோடி ரூபாய் அன்று வழங்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்பது மாதத்துக்கு 500 ரூபாய். 2018-19-ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதனோடு ஒப்பிட்டால் இது இருபதில் ஒரு பங்கே ஆகும். 'இத்தனை சிறு தொகைக்கு இத்தனை விசாரமா?' எனச் சிலர் கேட்கலாம். விதைப்பு வேளையில் கையில் 2,000 ரூபாய் இல்லாமையால் வட்டிக்கடைப் படியேறும் ஒரு ஏக்கர் விவசாயியைக் கேட்டால் இதன் அருமை விளங்கும். ஏற்கெனவே வசதியுடையவருக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. இல்லாதவருக்கோ அது ஒரு மூட்டை உரம். ஆகவே தொகை சிறிதாக இருப்பதனாலேயே அது உரியவருக்குப் போய்ச் சேருவது இன்னும் அவசியமாகிறது.

இத்திட்டத்தில் தமிழ்நாடு கண்ட அனுபவத்தை மறத்தல் ஆகாது. 2020-ஆம் ஆண்டு, நோய்த் தொற்றினால் ஊர்கள் அடைபட்டிருந்த மாதங்களில், விண்ணப்பதாரர் தாமே பதிவு செய்து கொள்ள ஏற்பாடு இருந்தது. அவ்வேளையில் பயனாளிகளின் எண்ணிக்கை திடீரென்று பெருகிற்று. ஆகஸ்டு மாதத்தில் உண்மை வெளிப்பட்டது. அதிகாரிகளுக்கென்று வழங்கப்பட்டிருந்த இரகசியக் கடவுச்சொற்கள் வெளியார் கைக்குச் சென்று, தரகர்களும் கணினி மையத்தாரும் சேர்ந்து நிலமே இல்லாதோர் பெயர்களையெல்லாம் பட்டியலில் ஏற்றியிருந்தனர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களோடு நம் செங்கற்பட்டு மாவட்டமும் இம்முறைகேடு நிகழ்ந்த மாவட்டங்களின் வரிசையில் இடம் பெற்றது. தகுதியற்றோர் சுமார் 5½ இலட்சம் பேர் என்றும், அவர்கள் கணக்குகளுக்குச் சென்ற தொகை 110 கோடி ரூபாய் என்றும் அன்றைய வேளாண்மைத் துறைச் செயலர் செப்டம்பர் மாதத்தில் அறிவித்தார். அதற்குள் 32 கோடி ரூபாய் மீட்கப்பட்டிருந்தது. ஒப்பந்தப் பணியாளர் 80 பேர் நீக்கப்பட்டனர். அதிகாரிகள் 34 பேர் தற்காலிகப் பணி நீக்கம் பெற்றனர். 18 பேர் கைதாயினர். பிற மாநிலங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விடையின்படி, நாடு முழுவதும் தகுதியற்ற 42 இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 3,000 கோடி ரூபாய் சென்றிருந்தது.

இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பணம் எந்த இடைத்தரகர் கையையும் தொடாமல் நேரே வங்கிக் கணக்குக்குச் செல்லும் ஏற்பாடு இது. அப்படியிருந்தும் களவு நிகழ்ந்தது. எப்படி? களவு நடந்தது பணம் சென்ற பாதையில் அன்று. பெயர் எழுதிய பட்டியலில். வாய்க்கால் செவ்வையாகவே இருந்தது. மடையைத் திறந்து விட்ட இடம் அடுத்தவன் வயல். ஓர் ஊரில் நிலமற்ற நூறு பேர் நிலமுள்ளோர் ஆகிவிட்டார்கள் என்பதை அந்த ஊரார் ஒரு நாழிகையில் கண்டிருப்பர். அப்பட்டியலை அந்த ஊரார் முன் படித்துக் காட்டியவர் எவரும் இல்லை.

பிறகு அரசாங்கம் பல தடைகளை அமைத்தது. ஆதார் வழியே சரிபார்த்தலும், நிலப் பதிவேட்டோடு இணைத்தலும் கட்டாயமாயின. அண்மையில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண்ணும் வழங்கப்பட்டு வருகிறது. இவற்றால் பொய்ப் பெயர்கள் பெருமளவு உதிர்ந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இத்தனை சரிபார்ப்பும் உறுதி செய்வது ஒன்றையே: ஆள் உண்மை, அவர் பெயரில் நிலம் உண்டு. அந்த நிலத்தில் பயிர் உண்டா, அப்பயிரை இடுபவர் யார் என்ற வினாக்களுக்குப் பட்டாவில் விடை இல்லை.

இதனை விளக்க வெகுதூரம் போக வேண்டுவதில்லை. பீர்க்கன்கரணையையே பார்ப்போம். 'கரணை' என்று முடியும் ஊர்கள் இப்பக்கத்தில் பல. ஏரியும் ஏரிப் பாசனமுமாக வாழ்ந்த ஊர்கள் அவை. பீர்க்கன்கரணையில் ஏரி இன்றும் உண்டு. அதன் கீழிருந்த வயல்களோ பெரும்பாலும் வீட்டு மனைகளாயின. பெருஞ்சாலையும் இரயில் பாதையும் ஊரைத் தொட்டுச் செல்கின்றன. பேரூராட்சியாக இருந்த ஊர் 2021-ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. நகரம் வளரும் விளிம்பில், பூமியின் நிலைமை மாறுகிற வேகத்துக்குப் பதிவேடு மாறுவதில்லை. கல் நட்டு மனை பிரித்த பின்னும் 'நஞ்சை' என்றே ஏட்டில் நிற்கும் நிலங்கள் இத்தகைய ஊர்களில் இருத்தல் இயல்பு. அவற்றைக் காட்டி எவரும் உதவித் தொகை பெறுகிறார் என்று நாம் குற்றம் சாட்ட முன்வரவில்லை. ஆனால் ஏட்டை மட்டும் நம்பும் திட்டத்துக்கு, மனைக்கும் வயலுக்கும் வேற்றுமை காணும் கண் இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்க இயலாது.

இது நமக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணற்க. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதை நிகழ்ந்துள்ளது. டெக்சாஸ் மாநிலத்தில், முன்னர் நெல் விளைந்த பூமியில் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு, அவர்கள் ஒரு பிடி விதையும் தெளிக்காதிருக்கவே, நெல்லுக்கான உதவித் தொகை ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. அந்நிலம் ஒரு காலத்தில் நெல் வயலாக இருந்ததென்பதே அவர்களுக்குப் போதுமான தகுதியாயிற்று. 2000-ஆம் ஆண்டு முதல் 130 கோடி டாலர் இவ்வாறு பயிரிடாதோருக்குச் சென்றதென 2006-ஆம் ஆண்டு 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை வெளியிட்டது. நிலத்தைப் பார்த்துப் பணம் கொடுத்து, உழைப்பைப் பாராதிருந்தால் எந்த நாட்டிலும் விளைவு ஒன்றே.

பயிரிடாதவர் பெறுவது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, பயிரிடுகிறவர் பெறாமை. முதலாவதில் அரசாங்கத்தின் பணம் நட்டமாகிறது. இரண்டாவதில் ஏழையின் வயிறு காய்கிறது. ஆனால் முதலாவதைக் கண்டுபிடிக்கப் போலீசார் வருவர். இரண்டாவதைக் கண்டுபிடிக்க வருவோர் இல்லை.

குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோருக்கு இத்திட்டத்தில் இடமே கிடையாது. மேற்கூறிய 2018-19 கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி அலகுகளில் ஆறில் ஒன்று ஏதோ ஓர் அளவில் குத்தகை நிலத்தில் நடைபெறுகிறது. வாய்மொழிக் குத்தகையை மறைத்துப் பேசுவதே வழக்கமாதலின், உண்மைத் தொகை இதனினும் மிகுதியாக இருத்தல் கூடும். உழுகூலி, விதை, உரம், ஆட்கூலி யாவும் குத்தகைதாரர் கைப்பணம். வெள்ளமோ வறட்சியோ வந்தால் நட்டமும் அவருடையதே. உதவித் தொகை மட்டும் பட்டாதாரர் கணக்குக்குப் போகிறது. அவர் சென்னையில் இருக்கலாம், சிங்கப்பூரிலும் இருக்கலாம். கோயில் நிலத்தைப் பயிரிடுவோர் நிலை இன்னும் விசித்திரமானது. நம் மாநிலத்தில் கோயில்களுக்கு 4 இலட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் உண்டு. நிலத்துக்கு உடையவர் கோயில். நிறுவனத்துக்கு உதவித் தொகை இல்லை. பயிரிடுபவர் குத்தகைதாரர், அவருக்கும் இல்லை. ஆக, தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் நாற்று நட்டு வருகிற குடும்பத்துக்கு இத்திட்டம் வந்ததும் ஒன்றே, வாராததும் ஒன்றே.

பட்டா உள்ள குடும்பங்களிலும் சங்கடங்கள் உண்டு. பாட்டனார் காலமாகி இருபது ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். மக்கள் நால்வரும் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து உழுது வருவர். கூட்டுப் பட்டாவில் எவர் பங்கு எவ்வளவு என்பது ஏட்டில் தெளிவாயிராது. கணவனை இழந்த பெண் தானே ஏற்றம் போல் உழைத்துப் பயிர் செய்வாள். பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்று வேண்டித் தாலுகா அலுவலகத்துக்கு நடந்தபடியே தவணைகள் கழிந்து போகும். வாரிசு வழியில் வந்த நிலத்துக்கு உரிமை உண்டென்று விதி கூறுகிறது. அவ்விதியைச் சொல்லித் தருவார் அவளுக்கு இல்லை.

குத்தகைதாரருக்குச் சட்டம் இல்லையா என்றால், உண்டு. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கான 1969-ஆம் ஆண்டின் சட்டமும் தமிழ்நாட்டில் உள்ளன. அக்காலத்தில் அவை எளியோருக்குக் காவலாக இயற்றப்பட்டவை. பலருக்குக் காவலாகவும் இருந்தன. ஆனால் பதிவு செய்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று நிலமுடையோர் அஞ்சி, எழுத்து இல்லாமலே குத்தகைக்கு விடுவர். குத்தகைதாரரும், பதிவு கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதென்று வாயடைத்திருப்பர். இருவர் அச்சமும் வீண் அச்சம் என்று தள்ளுவதற்கில்லை. அதைப் போக்குவதே வழி. ஆந்திர மாநிலம் 2019-ஆம் ஆண்டு இயற்றிய சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இதற்கு ஒரு மாதிரியைக் காட்டிற்று. நில உரிமைக்குச் சிறிதும் பங்கம் வராமல், பதினொரு மாதத்துக்குப் பயிர் செய்பவர் இவர் என்று மட்டும் சான்று வழங்கப்படும். அச்சான்றைக் கொண்டு கடனும், பயிர்க் காப்பீடும், உதவித் தொகையும் கோரலாம் என்பது அதன் நோக்கம். ஒடிசா அரசு 2018-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்த 'காலியா' திட்டமும் பங்குக்குப் பயிரிடுவோரையும் நிலமற்ற உழைப்பாளரையும் கணக்கில் சேர்த்தது. எல்லாம் குறையின்றி நடந்தன என்று சொல்ல வரவில்லை. பட்டா இல்லாதவரையும் விவசாயி என்று அரசாங்கம் அங்கீகரித்தல் இயலும் என்பதற்கு அவை சான்றாகும்.

நெசவாள அங்கத்தினர்கள், 'இது நிலத்தாரின் வழக்கு, தறிக்காரருக்கு என்ன?' என்று கருத வேண்டா. இதே வழக்கு நம் தறிக்குழிக்கும் உண்டு. கைத்தறிக்கு நூல் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டுமென்று, நூற்பாலைகள் தாம் விற்கும் நூலில் குறித்த பங்கைச் சிட்டமாகக் கட்ட வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. அப்பங்கு 2003-ஆம் ஆண்டில் 40 விழுக்காடாகவும், 2019-ஆம் ஆண்டில் 30 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. சிட்ட நூலுக்கு வரிச் சலுகையும் இருந்தது. நடந்தது என்ன? சலுகை பெற்ற சிட்டத்தில் ஒரு பகுதி மறுபடியும் கோனில் சுற்றப்பட்டு விசைத்தறிக்குச் சென்றது. கைத்தறியின் பெயரால் சலுகை; சலுகையின் பயன் வேறு இடத்தில். அனகாபுத்தூரில் தறியோசை குறைந்து போனமைக்குக் காரணங்கள் பல. சலுகை நெசவாளர் கைக்கு வருமுன் வழியிலேயே கரைந்து போவதும் நாடெங்கும் கைத்தறியாளரை நலிவித்த காரணங்களுள் ஒன்று. பட்டாவைப் பார்த்து உழைப்பவரைப் பாராதிருப்பதும், சிட்டத்தைப் பார்த்துத் தறியைப் பாராதிருப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

அப்படியாயின் உழைப்பவரை அறிவது எவ்வாறு? இவ்வினாவுக்குக் கூட்டுறவு இயக்கம் தோன்றிய நாளிலேயே விடை கிடைத்துவிட்டது. சென்னை இராஜதானியில் விவசாயக் கடன் குறித்து ஆராய்ந்த பிரெடெரிக் நிக்கல்சன் 1895-ஆம் ஆண்டிலும் 1897-ஆம் ஆண்டிலும் அளித்த அறிக்கையில், ஜெர்மனியில் ரைபைசன் என்பார் வளர்த்த கிராமச் சங்க முறையை இங்கும் கைக்கொள்ளுமாறு வற்புறுத்தினார். அம்முறையின் உயிர்நாடி யாது? சங்கத்தின் எல்லை ஓர் ஊரே. ஏனெனில் ஓர் ஊராருக்கே ஒருவரையொருவர் தெரியும். இன்னார் உழைப்பாளி, இன்னார் வாங்கிய கடனை விதைக்கே இடுவார் என்ற அறிவே அங்கு ஈடு. 1904-ஆம் ஆண்டு திருவள்ளூரை அடுத்த திரூரில் தொடங்கப்பட்ட சங்கமும் இந்த நம்பிக்கையில் எழுந்ததே. அயலார் அறிவு எந்தக் கணினியும் தர இயலாத சான்று ஆகும்.

ஆதலால் நாம் கோருவது பெரிய புதுச் சட்டம் எதுவும் அன்று. முதலாவது, பயனாளிகளின் பட்டியல் ஊர்தோறும் ஒட்டப்பட்டு, வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். பட்டியலைப் பஞ்சாயத்தில் காட்சிக்கு வைக்க வேண்டுமென்று இத்திட்டத்தின் விதிமுறையே கூறுகிறது. ஏட்டில் இருப்பதை நடப்பில் கொணர்ந்தால் போதும். கிராம சபை உள்ள ஊர்களில் கிராம சபையிலும், பீர்க்கன்கரணை போன்று மாநகராட்சியில் சேர்ந்த ஊர்களில் 2022-ஆம் ஆண்டு முதல் கூடத் தொடங்கிய பகுதி சபையிலும் இதைச் செய்யலாம். இரண்டாவது, கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில், ஒவ்வொரு போகத்திலும் பயிரிட்டவர் பெயரும் உண்மையாகப் பதிய வேண்டும். மூன்றாவது, நில உரிமைக்குக் கேடு வராத சாகுபடிச் சான்று குத்தகைதாரருக்கும், கோயில் நிலம் உழுவோருக்கும் வழங்கப்பட்டு, உதவித் தொகை அவர்களையும் சேர வேண்டும். நான்காவது, இறந்தோர் பெயரிலுள்ள பட்டாக்களை மாற்றித் தருவதற்கு ஊர்தோறும் முகாம் நடத்த வேண்டும்.

இதற்கு ஒரு தடை கூறப்படும். ஊர் என்றால் கட்சியும் பகையும் சாதியும் இல்லாமலா இருக்கும்? பட்டியலைப் பொதுவில் படித்தால் வேண்டாதவர் பெயரை அடிக்கவும், வேண்டியவர் பெயரைச் சேர்க்கவும் வழியாகாதா? வலியவர் பேச, எளியவர் வாய் மூடி இருக்க மாட்டாரா? நியாயமான கேள்வியே. ஆகவேதான் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ ஊராருக்கு அதிகாரம் தரச் சொல்லவில்லை. ஆட்சேபம் எழுப்ப மட்டுமே உரிமை, தீர்ப்பு அதிகாரியுடையது, அதுவும் காரணம் எழுதி, குறித்த நாளுக்குள். கூட்டத்தில் பேச அஞ்சுவோர் எழுத்தில் கொடுக்கலாம். ஊர்ப் பகை கொடிதுதான். ஆயினும் 2020-ஆம் ஆண்டில் 5½ இலட்சம் பெயர்களை ஏற்றியது ஊர்ப் பகை அன்று. எவர் கண்ணும் படாத அறையின் தனிமை.

அரசாங்கம் செய்யும் வரை நாம் கைகட்டி இருக்கவும் வேண்டுவதில்லை. சங்கத்தின் அடுத்த மகாசபையில், வரவு செலவு படித்து முடிந்ததும், ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். நம் அங்கத்தினருள் உதவித் தொகைக்கு உரிமை இருந்தும் பெறாதவர் யார் யார் என்று ஒரு கணக்கு எடுக்கலாம். வாரிசுச் சான்றுக்கு அலைகிற பெண்ணுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சங்கத்தில் படித்த இளைஞர் இருவர் முன்வந்தால் போதாதா? நிலமுடைய அங்கத்தினர், தம் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவரோடு ஒரு தாளில் உடன்பாடு எழுதிக் கொள்ள முன்வரலாம். பயிரிடுவதை நிறுத்திவிட்ட அங்கத்தினர், தமக்கு வரும் தொகையைத் தாமே விட்டுக் கொடுக்கலாம். அதற்கும் திட்டத்தில் வழியுண்டு. இவை சட்டத்தால் வருவன அல்ல. அங்கத்தினர் மனச்சான்றால் வர வேண்டியவை.

உழுபவரும் நெய்பவரும் அரசாங்கத்திடம் பிச்சை கேட்கவில்லை. ஊருக்குச் சோறும் துணியும் தருகிறவர்களுக்கு ஊர் திருப்பிச் செலுத்தும் சிறு கைம்மாறு இது. அக்கைம்மாறு உழைத்த கைக்கே சேர வேண்டும். அதைச் சேர்க்கும் ஆற்றல் ஊரை அறிந்த ஊராரிடம் இருக்கிறது. அவர்களுள் சங்கமாகக் கூடியிருப்பவர்கள் நாம். முதல் பெயரைப் படிக்கும் பொறுப்பு நம்முடையது.